மரச்சீனி காய்கறிக் கணக்கில் வராது: எல்லைப்புற வீடுகளில் உணவைச் சீர்படுத்தத் தொடங்குவோருக்கு

என் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்று மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள்?" என்பது. "ராத்திரி நான் சோறே தொடுவதில்லை" என்று அம்மா உடனே சொன்னார். பொய் இல்லை. பத்து வருடமாக அவர் ராத்திரியில் சோறு தொட்டதில்லை. மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, அவித்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார். மீன் கிடைக்காத நாளில் மரச்சீனியும் சம்மந்தித் துவையலும்.

அன்று மாலை இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, முந்தைய நாள் அவர் சாப்பிட்டதை ஒரு பழைய நோட்டில் எழுதினோம். காலையில் புட்டும் ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்). மதியம் சோறு, பருப்புக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். மாலையில் டீயும் ரஸ்க்கும். ராத்திரி மரச்சீனி. எழுதி முடித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதில் காய் எங்கே இருக்கிறது, மக்களே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் விளவங்கோடு, கல்குளம். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன; அடுப்பில் கொதிப்பது இன்றும் பழைய திருவிதாங்கூர்ச் சமையல்தான். அது நல்ல சமையல். அதை விட்டுவிட்டு ஓட்ஸுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மாற வேண்டியது தட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே. இதுவரை யோசிக்காமல் சாப்பிட்டு, இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கும் பெரியவர்களுக்காக எழுதுகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

முதல் மூன்று நாள்: எழுதுவது மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். டீயில் போட்ட சர்க்கரை, பஸ் ஸ்டாண்டில் தின்ற வாழைக்காய் பஜ்ஜி, பிள்ளை மிச்சம் வைத்த பரோட்டா எல்லாம் வர வேண்டும். அளவை கிராமில் எழுத வேண்டாம். இரண்டு அகப்பை, ஒரு கிண்ணம், மூன்று துண்டு என்று எழுதினால் போதும். சாப்பிட்ட உடனே எழுதுங்கள். ராத்திரி மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும், அதுவும் எழுத விரும்பாத பாதி.

நான்காம் நாள்: வகை பிரிப்பது

இதுதான் முக்கியமான வேலை. நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள். தானியமும் கிழங்கும் ஒன்று. பருப்பு, பயறு, மீன், முட்டை, இறைச்சி ஒன்று. காய்கறியும் கீரையும் ஒன்று. பழம் ஒன்று. பால், தயிர், மோர் ஒன்று. கடலை, எள், அண்டிப்பருப்பு (முந்திரி) போன்ற கொட்டைகளும் விதைகளும் ஒன்று. எண்ணெயும் தேங்காயும் ஒன்று. இனி எழுதி வைத்த ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் போடுங்கள்.

நம் ஊரில் எல்லோரும் தடுமாறுவது முதல் கட்டத்தில்தான். சோறு, புட்டு, இடியாப்பம், தோசை, சப்பாத்தி, பரோட்டா எல்லாம் அதில் வரும் என்பது தெரியும். மரச்சீனியும் அதில்தான் வரும். உருளைக்கிழங்கு, சேனை, காய்ச்சில், சிறுகிழங்கு, அவித்த சக்கை (பலா) ஆகியவையும் பெரும்பாலும் மாவுச்சத்தே. ஏத்தன்பழம் பழக் கட்டத்துக்குப் போகட்டும், ஆனால் காலையில் புட்டோடு முழுப் பழத்தைப் பிசைந்து சாப்பிட்டால் அது மாவுச்சத்தின் மேல் இன்னொரு மாவுச்சத்து. தட்டைச் சுற்றி நான்கு பாத்திரம் இருப்பதைப் பார்த்து நான்கு வகை சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். சோறு, சேனை எரிசேரி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம் என்று அதைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரே வகைதான் நான்கு வேடத்தில் வந்திருக்கும். ஒரு நாளைக்குப் பழமும் காய்கறியுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், மாவுக் கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மரச்சீனியைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் அதன் சாகுபடியை ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்த நாட்டின் வயிற்றை நிரப்பியதும் அதுதான். ஆனால் சோற்றில் இருக்கும் அளவு புரதம்கூட மரச்சீனியில் இல்லை. நம் பெரியவர்கள் அதோடு மீனைச் சேர்த்தது அந்தக் குறையைச் சரியாக ஈடுகட்டியது. நாளெல்லாம் மண் வெட்டியவர்களுக்கு அந்த மாவுச்சத்தும் செலவானது. மீன் ஒரு துண்டாகச் சுருங்கி, வேலை நாற்காலிக்கு வந்த பிறகும் மரச்சீனி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. சமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தோலை முழுவதும் உரித்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு நச்சு அப்படித்தான் குறையும். கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு நாள் தட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறது. நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பும் மீனும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. ரப்பர் வெட்டுபவருக்கும் கொத்தனாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். கடையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கு இதைவிடக் குறைவே போதும். ஒரு முறை மட்டும் பக்கத்துக் கடைத் தராசில் 250 கிராம் அரிசியையும் 400 கிராம் காயையும் நிறுத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் கண்ணே அளந்துவிடும். எங்கள் வீட்டில் காய்க் குவியலைப் பார்த்து, "இது இரண்டு நாளைக்கான காய் அல்லவா?" என்றார் அம்மா. அது அவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உரியது.

முதல் வாரம்: தட்டின் பாதியைக் காய்க்குக் கொடுப்பது

பலர் முதல் நாளே சோற்றைப் பாதியாக்கிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் பசி தாங்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் காயைக் கூட்டுங்கள், சோறு தானாகக் குறையும். தட்டை எடுத்ததும் பாதியில் அவியலையும் துவரனையும் (தேங்காய் சேர்த்த பொரியல்) போட்டுவிட்டு, மீதிப் பாதியில் ஒரு கால் பங்குக்குச் சோறு, ஒரு கால் பங்குக்குப் பயறோ மீனோ. சோறு போட்ட பிறகு ஓரத்தில் காய்க்கு இடம் தேடினால் அது ஒரு கரண்டிக்கு மேல் வராது.

இந்த வேலைக்கு நம் சமையலைப் போல உதவுவது வேறில்லை. அவியலில் முருங்கைக்காய், வெள்ளரிக்காய், புடலங்காய், தடியங்காய், கத்தரிக்காய், பயற்றங்காய் என ஆறேழு காய் ஒரே பாத்திரத்தில் வந்துவிடும். அதில் சேனையையும் வாழைக்காயையும் பாதியாகக் குறைத்து மற்றதைக் கூட்டினால் போதும். முட்டைக்கோஸ், பீன்ஸ், வாழைத்தண்டு, வாழைப்பூ என எதையும் துவரன் வைக்கலாம். கீரை மட்டும் நம் வீடுகளில் குறைவு. முற்றத்தில் முருங்கை நிற்கும், கீரையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோம்.

முருங்கைக்கீரைத் துவரன் செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கை நிறைய உருவிய கீரை. சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, நறுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஐந்தாறு. கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் வதக்கினால் சுருண்டுவிடும். ஒதுக்கிவிட்டு நடுவில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, சீரகத்தோடு கொரகொரப்பாக அரைத்த இரண்டு கரண்டித் தேங்காயையும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். இறக்கிய பின் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். டீ அதற்கு நேர் எதிரி. சாப்பிட்ட உடனே குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை விடாமல் பின்பற்ற வேண்டும்.

இரண்டாம் வாரம்: பயறும் மீனும்

ஒருவரின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். 30 கிராம் சிறுபயற்றில் 7 கிராம். 300 மில்லி பாலில் 10 கிராம் அளவு. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். மீதி தானியத்திலிருந்து கிடைக்கும். பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை.

மீன் சாப்பிடும் வீடு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். குளச்சலும் தேங்காப்பட்டணமும் பக்கத்தில் இருக்கின்றன. நெய்மீனும் வாவலும்தான் உயர்ந்தவை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்தோலி (நெத்திலி) ஆகியவை விலையும் குறைவு, இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் அவற்றில் நிறைய. நெத்தோலியை முள்ளோடு மென்று சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாங்காய் போட்ட குழம்பாகவோ புளியும் மிளகாயும் சேர்த்த புளிமுளமாகவோ வையுங்கள். பொரித்த மீன் எப்போதாவது. பொரித்த எண்ணெயை மறுநாளைக்கு எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்தில்தான் பல வீடுகளில் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் தட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது பயறு பக்கம் திரும்புங்கள். நம் பழைய கஞ்சியும் பயறும் எந்த ஊட்டச்சத்து நிபுணரும் குறை சொல்ல முடியாத உணவு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயற்றில் உண்டு. பயற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. காணம் (கொள்ளு), பெரும்பயறு (தட்டைப்பயறு), கடலை, உளுந்து என மாற்றி மாற்றி வையுங்கள். சைவ வீடுகளில் ஒரு நாளும் பயறு விடுபடக் கூடாது. பால், தயிர்கூட எடுக்காதவர்களுக்கு வைட்டமின் பி12 உணவிலிருந்து கிடைக்காது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் நான் தடை சொல்லவில்லை. கோழித் தோலை நீக்கிவிடுங்கள். பரோட்டாவை நான்கிலிருந்து ஒன்றாக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளரி, வெங்காயம் நறுக்கி வையுங்கள்.

அரிசியைப் பற்றி

இங்கே சிவப்புச் சம்பா, எல்லை தாண்டினால் மட்டை அரிசி. இரண்டும் புழுங்கல். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த இடங்களில் பெரிபெரி நோய் வந்ததற்கும், புழுங்கல் சாப்பிட்டவர்கள் தப்பித்ததற்கும் இதுவே காரணம். ஐதராபாத் நிறுவனமே 1918-இல் நம் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். தவிடு மிச்சமிருக்கும் சிவப்பரிசியில் நார்ச்சத்தும் கூடுதல். ஆகவே சம்பாவை விட்டுப் பொன்னிக்குப் போகாதீர்கள். ஆனால் சிவப்பரிசி என்பதற்காக மூன்று அகப்பை கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது. ராத்திரிக்கு சப்பாத்தி என்றால் சர்க்கரை ஏறாது என்பதும் தவறான நம்பிக்கை. அதுவும் முதல் கட்டத்து உணவே. வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுப் புட்டு செய்து பாருங்கள். கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு.

தேங்காய், உப்பு, சர்க்கரை

தேங்காய் இல்லாத சமையலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் 90 சதவிகிதம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. தீயலுக்கும் அவியலுக்கும் மீன்குழம்புக்கும் ஒரே நாளில் தேங்காய் அரைத்து, மேலே எண்ணெயும் தாளித்தால் கணக்கு எங்கோ போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு கறிக்கு மட்டும் தேங்காய் என்று எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். தேங்காய் எண்ணெயைத் துவரனுக்கும் அவியலுக்கும் வைத்துவிட்டு மற்றவற்றுக்கு நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் மொத்தம் ஆறு தேக்கரண்டி.

உப்புக்கு ஒரு வழி சொல்கிறேன், ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள். ஒருவருக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் வீடு என்றால் காலையில் நான்கு கரண்டியை ஒரு சிறு டப்பாவில் அளந்து போட்டு, பெரிய உப்பு ஜாடியை அலமாரியில் பூட்டிவிடுங்கள். தோசை மாவு முதல் ராத்திரிச் சம்மந்தி வரை அந்த டப்பாவிலிருந்து மட்டுமே. எங்கள் வீட்டில் மதியக் குழம்பு இறங்குவதற்குள் டப்பாவின் அடி தெரிந்தது. அம்மா அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினார். கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் இந்தக் கணக்குக்கு மேல் என்று எண்ணாதீர்கள், அவையும் உள்ளேதான். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும்.

சர்க்கரை நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் டீயிலேயே தாண்டிவிடுகிறது. கருப்பட்டி போட்டாலும் அது சர்க்கரையே. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். தாகத்துக்குச் சீரகத் தண்ணீர் இருக்க, பாட்டில் பானம் எதற்கு?

பழத்தில் சிக்கல் குறைவு. மட்டி, செந்துளுவன், கொய்யா, பப்பாளி, அயனிச்சக்கை என்று பருவத்தில் கிடைப்பதை நாளைக்கு ஒரு முறை, சாறாக்காமல் பழமாகவே சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஏத்தன்பழத்தைப் பாதியாக்கி, புட்டோடு சேர்க்காமல் தனியாகச் சாப்பிடலாம். நேந்திரங்காய் சிப்ஸை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எண்ணெய்க் கட்டத்தில் போடச் சொன்னேன்.

சந்தைக்குப் போகும்போது

இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு இந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்கோ வடசேரிக்கோ போகலாம். அரிசி, கேழ்வரகு எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோ. காயும் கீரையும் ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இதில் கிழங்கு சேராது. பழம் 1 கிலோ 400 கிராம். பயறு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் சேர்த்து 1 கிலோ 200 கிராம். நிலக்கடலை, எள், அண்டிப்பருப்பு அரைக் கிலோ. பால் நான்கு லிட்டர் சொச்சம். எண்ணெய் 400 மில்லி. மரச்சீனி வாங்கினால் அந்த அளவுக்கு அரிசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்க்குக் கூடுதலாகும் பணத்தில் பெரும்பகுதி ரஸ்க், மிக்சர், பாட்டில் பானம் ஆகியவற்றை நிறுத்துவதிலேயே வந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து அதே நோட்டில் மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். இடுப்பையும் ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால் உணவோடு நடையும் சேர வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது. எங்கள் நோட்டின் இரண்டாம் பக்கத்தில் ராத்திரிக் கட்டத்தில் அம்மாவே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: சிறுபயற்றுக் கஞ்சி ஒரு கிண்ணம், முருங்கைக்கீரைத் துவரன், சாளைக் குழம்பு, மரச்சீனி இரண்டு துண்டு.